சிங்கப்பூருக்குப் பழம் விட்டது

உமையாளும் நானும் காய் விட்டிருந்த சமயத்தில்தான் அவள் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய்விட்டாள். சண்டை போட உங்களுக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்று கேட்டால், எல்லா நாளும்தான் போட்டோம். எந்தச் சண்டையும் விளக்கு வைப்பதற்குள் சரியாகிவிடும். அன்றைக்கு விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே அவர்கள் வாசலில் வாடகைக் கார் வந்து நின்றுவிட்டது.

காரைக்குடியில் செக்காலை ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தெருவில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் அடுத்தடுத்து இருந்தன. நாங்கள் வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். அப்பா தினமும் பஸ்ஸில் கொத்தமங்கலம் போய் வருகிற வாத்தியார். அவர்கள் செட்டியார் வீடு. உமையாளின் அம்மாவைத் தெரு முழுக்க ஆச்சி என்று கூப்பிடும், உமையாள் மட்டும் ஆத்தா என்பாள்; பிள்ளைகளை அவரும் ஆத்தா என்றுதான் கொஞ்சுவார். நாங்கள் இருவரும் மூன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் ஃபோன் இருந்தது. அதுவும் யாராவது செத்தால்தான் அடிக்கும் என்று எங்களுக்கு ஒரு பயம்.

காய், பழம் என்பதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் அது சட்டம். சுண்டுவிரலை நீட்டி ‘காய்’ என்று சொல்லிவிட்டால் அதோடு பேச்சு நின்றுவிடும். எதிராளியின் பேரைக்கூட வாயால் சொல்லக் கூடாது. அவசரத்துக்கு ஏதாவது சொல்லியாக வேண்டுமென்றால் மூன்றாவது ஆளைப் பார்த்து, “அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லு” என்று சொல்லிக்கொள்ளலாம். சமாதானம் ஆக வேண்டுமானால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டி ‘பழம்’ என்று சொல்ல வேண்டும். எதிராளியும் அதேபோல நீட்டி, விரலும் விரலும் தொட வேண்டும். தொடாத பழம் செல்லாது. தூது விட்டாலும் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது.

சண்டை சொட்டாங்கல்லில் வந்தது. வீடு கட்ட யாரோ கொட்டி வைத்திருந்த ஜல்லிக் குவியலில் புரட்டிப் புரட்டி, கையில் வழுக்காத ஐந்து கற்களை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பொறுக்கியிருந்தோம். அவள் ஊருக்குப் போகிறாள் என்றதும் பாகம் பிரிக்க வேண்டி வந்தது. ஐந்தை எப்படிப் பிரிப்பது? எனக்கு மூன்று, உனக்கு இரண்டு என்றேன். அவள் அதையே திருப்பிச் சொன்னாள். “உனக்கு ரெண்டுதான்!” என்று நான் இரண்டு விரலை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவள் சுண்டுவிரலை நீட்டினாள். நானும் நீட்டினேன். இரண்டு கல்லை வைத்துக்கொண்டோ மூன்று கல்லை வைத்துக்கொண்டோ யாராலும் சொட்டாங்கல் ஆட முடியாது என்பது எங்கள் இரண்டு மண்டைக்கும் எட்டவில்லை. வேறு ஜல்லி பொறுக்கித் தருகிறேன் என்று அப்பா சமாதானத்துக்கு வந்தார். பெரியவர்களுக்கு ஒரு இழவும் புரியாது.

கார் கிளம்பும்போது தெருவே கூடி நின்றது. ஆச்சி என் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். உமையாள் பின் சீட்டில் நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றேன். போய் விரலை நீட்டியிருக்கலாம், அவளும் நீட்டியிருக்கலாம். கார் திரும்பிய பிறகு வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அம்மா சுக்குக் கசாயம் கொடுத்தாள்.

மாதங்கள் போயின. பெஞ்சில் என் பக்கத்தில் வேறொரு பிள்ளை வந்து உட்கார்ந்தாள். நல்ல பிள்ளைதான், ஆனால் சண்டையே போட மாட்டாள். அவளோடு எப்படி விளையாடுவது?

தீபாவளிக்கு முன்னால், கண்டரமாணிக்கத்தில் இருந்த உமையாளின் பெரியப்பா சிங்கப்பூர் போய்விட்டு வந்தவர், எங்கள் தெருவுக்கு ஒரு வீடியோ கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். உமையாளின் அப்பா கேமரா வாங்கி, தெருக்காரர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்று எடுத்து அனுப்பியிருக்கிறார். டி.வி. எதிர்வீட்டுப் பெரியம்மா வீட்டில் இருந்தது. கேசட் ஓட்டுகிற டெக்கை வாடகைக்கு எடுத்து வந்தார்கள். புதுப்படம் போடுகிற மாதிரி தெருவே பாய் விரித்து உட்கார்ந்துவிட்டது. நான் எல்லோருக்கும் முன்னால், டி.வி.யில் மூக்கு இடிக்கிற தூரத்தில் இருந்தேன்.

பன்னிரண்டாவது மாடியில் வீடு. சன்னலுக்கு வெளியே ஆகாசம் மட்டும்தான் தெரிந்தது. ஆச்சி அடுப்படியைக் காட்டினார், குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். “அடியாத்தி, எம்புட்டுப் பால் பாக்கெட்டு!” என்று பெரியம்மா வாயில் கை வைத்தார். அப்புறம் உமையாள் வந்தாள். முடியைக் கிராப்பு வெட்டியிருந்தார்கள். “பெரியம்மா, நல்லா இருக்கீகளா? வாத்தியார் மாமா, நல்லா இருக்கீகளா?” என்று தெருவில் ஒவ்வொருவராகக் கேட்டாள். இட்லிக்கார அக்காவைக் கேட்டாள். எங்கள் தெரு நாயைக்கூடக் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. கேசட் முடிந்து கோடு கோடாக ஓட ஆரம்பித்துவிட்டது.

“பாத்தியா, சீமைக்குப் போனதும் உன்னைய மறந்துட்டா” என்று பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளினார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவின் முகம் வாடிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அவர்கள் நினைத்த அழுகை அல்ல. நாயைக் கேட்டவள் என்னை மறப்பாளா? காய் விட்டிருக்கும்போது பேரைச் சொல்லக் கூடாது என்பதற்காகத்தானே சொல்லவில்லை. கடல் தாண்டிப் போயும் சட்டத்தை மீறாமல் இருக்கிறாளே என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது. பழம் விடாவிட்டால் சாகிற வரைக்கும் இந்தப் பிள்ளை என் பேரைச் சொல்லமாட்டாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

நானும் கேசட் அனுப்ப வேண்டும் என்று அன்றைக்கே அப்பாவிடம் தொங்க ஆரம்பித்தேன். கடுதாசி எழுது என்றார். எழுதிக் கொடுத்தால் செல்லாதே! சோறு வேண்டாம் என்றேன். இரண்டாவது வேளையே பசி தாங்காமல் சாப்பிட்டுவிட்டேன் என்பது வேறு விஷயம். ஆனாலும் அப்பா இறங்கி வந்தார். அந்த வாரம் பெரியம்மா மகளுக்கு நிச்சயதார்த்தம். வீடியோ எடுக்க செக்காலை ரோட்டிலிருந்து ஒரு அண்ணன் வருவார். அவரிடம் அப்பா போய், பிள்ளையைக் கொஞ்ச நேரம் பேசவிட்டு எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

“ஏன் சார் தயங்குறீக? கல்யாணமே எடுக்குறோம், இது என்ன? ஜம்முனு எடுத்துருவோம்” என்றார் வீடியோக்கார அண்ணன்.

ஜம்மென்றுதான் எடுத்தார். நிச்சயதார்த்த வீட்டின் சிவப்பு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். எனக்குத் தலை நிறையப் பூ, அம்மாவின் சங்கிலி, முகம் முழுக்கப் பவுடர். ஒருவர் விளக்கைத் தூக்கிப் பிடிக்க, பவுடர் வியர்த்து வழிந்தது. நான் இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தேன். முதலில் பழம். அங்கே டி.வி.யில் என் விரல் தெரிகிற இடத்தில் அவள் விரலை வைத்தால், தொட்ட மாதிரிதானே? அதற்கப்புறம் என்ன வேண்டுமானாலும் பேசலாம். எழுந்து போய்க் கேமராவின் கண்ணாடிக்கு நேராக இரண்டு விரலையும் நீட்டி, “பழம்!” என்று சொன்னேன். “பாப்பா, தொட்றாத, தொட்றாத” என்று அண்ணன் பதறினார்.

பிறகு உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். முன்பல் இரண்டும் விழுந்ததைச் சொன்னேன். புது டீச்சர் காதைத் திருகுவதை என் காதையே திருகிக் காட்டினேன். பூட்டிக் கிடக்கிற அவர்கள் வீட்டு விறகு அறையில் பூனை குட்டி போட்டிருப்பதை, சாண் அகலத்துக்குக் கையை அகட்டி, குட்டி இத்துனூண்டு என்று காட்டிச் சொன்னேன். நீ இல்லாமல் ஒன்றும் நல்லாயில்லை என்றும் சொன்னேன். அதை மட்டும் மெதுவாகச் சொன்னேன், அம்மா பக்கத்தில் நின்றாள்.

மதுரைக்குப் போய், வெட்டி ஒட்டுகிற மிக்ஸிங் வேலை முடிந்து கேசட் வந்தது. மறுநாள் கண்டரமாணிக்கத்துப் பெரியப்பா திரும்பச் சிங்கப்பூர் கிளம்புகிறார். கொடுத்து அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை போட்டுப் பார்த்தோம். ஒரு தாமரை மொட்டு விரிந்தது. அதற்குள்ளிருந்து நான் வந்தேன். பின்னால் பனிமலை. நான் விரலை நீட்டியபோது இரண்டு பக்கமும் பூ கொட்டியது, கெட்டிமேளம் முழங்கியது. அதற்கப்புறம் சினிமாப் பாட்டு. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு. நான் வாயை வாயை அசைக்கிறேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“நான் பேசுனது எங்க?” என்று அலறினேன்.

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்கே போனார். அண்ணனுக்கு நான் அழுவது ஏன் என்றே விளங்கவில்லை. “பேச்சை அப்படியே விட்டா காக்கா கத்துறது, சைக்கிள் மணி எல்லாம்ல சார் கேக்கும்? எந்தக் கல்யாண வீட்லயும் பேச்சை வைக்க மாட்டோம். பாட்டுப் போட்டாத்தான் அது வீடியோ” என்றார். கேமராவில் முதலில் எடுத்த கேசட்டில் வேறு கல்யாணத்தை ஏற்றியாகிவிட்டது. என் சத்தம் போனது போனதுதான். அவரைச் சொல்லி என்ன, பிரியமாகத்தான் செய்திருந்தார். என் தலையைச் சுற்றி ஒரு இதயம்கூடச் சுழன்றது.

பாட்டுப் போட்ட அந்தக் கேசட்தான் சிங்கப்பூர் போயிற்று. எங்கள் வீட்டில் எது காணாமற்போனாலும் அம்மா அந்தோணியாரிடம் கேட்பாள், கிடைத்துவிடும். நானும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டு, என் சத்தத்தைக் கண்டுபிடித்து உமையாளிடம் கொடுத்துவிடும்படி கேட்டேன். கூடவே இன்னொரு பயமும் பிடித்துக்கொண்டது. சத்தம் இல்லாமல் விரலை மட்டும் பார்த்தால் அவள் என்ன நினைப்பாள்? பழத்துக்கும் இரண்டு விரல். ‘உனக்கு ரெண்டுதான்’ என்று அவள் மூக்குக்கு நேரே கடைசியாக நீட்டியதும் அதே இரண்டு விரல். வம்புக்கென்றே மேளம் அடித்து, பூக் கொட்டி அதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டால்? ராத்திரி சோறு இறங்கவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே இறங்கவில்லை.

பதில் வர அரைப்பரீட்சை முடிந்து கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. குடிலைப் பிரிக்காமல் வைத்திருந்தோம், அப்போது வந்தது. மறுபடியும் பெரியம்மா வீடு, மறுபடியும் வாடகை டெக், மறுபடியும் பாய். இந்த முறை உமையாள் மட்டும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கேமராவுக்குப் பின்னால் ஆச்சி இருந்தார், குரல் மட்டும் வந்தது. உமையாள் என்னோடு பேசவில்லை. காய் ஆயிற்றே. ஆச்சியைப் பார்த்தே பேசினாள்.

“ஆத்தா, அந்தப் பிள்ளைக்கு முன்பல்லு விழுந்துருச்சு. எனக்கும் ஒண்ணு விழுந்துருச்சுன்னு சொல்லுங்க.” வாயைத் திறந்து காட்டினாள். “அந்தப் பிள்ளை காதைக் காதைக் காட்டுச்சு. புதுக்கம்மல் போட்டிருக்காம். நல்லா இருக்குன்னு சொல்லுங்க.” என் காதில் இருந்தது அதே பழைய கம்மல். “அப்பறம், அவுக வீட்ல குட்டிப் பாப்பா பொறந்திருக்கு. இத்துனூண்டு இருக்காம்.”

பாயில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் என் அம்மாவின் வயிற்றைப் பார்த்தார்கள். “என்ன வாத்தியாரே, எங்களுக்குச் சொல்லவே இல்லையே!” என்று பெரியம்மா ஆரம்பிக்க, அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இன்னும் விரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னாள். நாற்காலியிலிருந்து இறங்கிக் கேமராவுக்குப் பக்கத்தில் வந்தாள்.

“ஆத்தா, மேளம் அடிக்கையில அந்தப் பிள்ளை ரெண்டு விரலைக் காட்டுச்சுல்ல. அது பழமா, இல்ல எனக்கு ரெண்டு கல்லுதான்னு சொல்லுதா? கேளுங்க.”

“நீயே கேளேன் ஆத்தா” என்றார் ஆச்சி.

“நான் எப்படிக் கேக்குறது? காய்ல?”

ஆச்சி சிரித்துவிட்டு, “ஏ ஸ்டெல்லா, அது பழமா ஆத்தா? சொல்லு” என்றார்.

உமையாள் அப்படியே நின்றாள். கண் கொட்டாமல் என்னையே பார்த்தாள். டி.வி.க்குள் ஒரு சத்தமும் இல்லை, எங்கோ ஒரு ஃபேன் ஓடியது மட்டும் கேட்டது. நான் திகைத்துப்போய் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“சொல்லியிருப்பா, போதும்” என்றது ஆச்சியின் குரல்.

“இருங்க ஆத்தா. அவ இன்னும் சொல்லலை.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இன்னும் சொல்லவில்லைதானே! எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து, “பழம்! பழம்! பழம்டீ!” என்று கத்தினேன். பெரியம்மா வீட்டுத் தொட்டில் பிள்ளை விழித்துக்கொண்டு வீலென்று அழுதது.

உமையாள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் விழுந்த பல்லின் ஓட்டை தெரியச் சிரித்தாள். “ம், கேட்டுச்சு” என்றாள். இரண்டு விரலை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். விரல் பெரிசாகிப் பெரிசாகி டி.வி. முழுக்க மங்கலாக நிறைந்தது. நான் ஓடிப்போய் என் விரலை வைத்தேன். கண்ணாடி சுரீரென்று கடித்தது. பெரியம்மா டி.வி. உடைந்துவிடும் என்று கத்தினார். யார் காதில் விழுந்தது?

விரல் விலகியதும் அவள் முகம் தெரிந்தது. இந்த முறை ஆச்சியைப் பார்க்கவில்லை. “ஸ்டெல்லா” என்றாள். “ஏ ஸ்டெல்லா, இங்குட்டு ஒருத்திகூடச் சொட்டாங்கல் ஆட மாட்டேங்குறாடி” என்று ஆரம்பித்தவள், கேசட் தீருகிற வரைக்கும் நிறுத்தவில்லை. பேச்சுக்கு நடுவில் பத்துப் பதினைந்து தடவை என் பேரைச் சொன்னாள். வேண்டாத இடத்தில்கூடச் சொன்னாள்.

டெக்கைத் திருப்பிக் கொடுப்பதற்குள் அந்த இடத்தை மறுபடி மறுபடி போடச் சொன்னேன். இரண்டாவது தடவை நான் முன்கூட்டியே ‘பழம்’ என்று கத்திவிட்டேன். ஆனாலும் அவள் “இன்னும் சொல்லலை” என்றாள். அப்பா என்னைப் பார்த்து என்னவோ விளக்க வாயெடுத்தார். அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். எனக்கு விளக்கம் தேவைப்படவும் இல்லை. சிங்கப்பூர் எவ்வளவு தூரம், சத்தம் போய்ச் சேர நேரமாகாதா? நானே எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

பன்னிரண்டாவது மாடியில், பேசுவதற்கு ஒரு பிள்ளைகூட இல்லாத வீட்டில், சத்தமில்லாத என் கேசட்டை அவள் எத்தனை தடவை போட்டுப் போட்டுப் பார்த்திருப்பாள் என்று அன்று நான் நினைக்கவே இல்லை. நான் பதில் சொல்வதற்காக அவள் இடம் விட்டு நின்றபோது, எதிரில் அவள் ஆத்தாவையும் கேமராவையும் தவிர யாரும் இல்லை. அவ்வளவு நேரம் காத்து நின்றுவிட்டு, ‘கேட்டுச்சு’ என்றாளே, நான் ‘காய்’ என்று கத்தியிருந்தாலும் அவளுக்குப் பழம் என்றுதான் கேட்டிருக்கும். அதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? காரைக்குடியிலிருந்து கத்தினால் சிங்கப்பூருக்குக் கேட்கிற தொண்டை என்று, பள்ளிக்கூடம் திறந்த பிறகும் ரொம்ப நாள் கர்வமாகத் திரிந்தேன்.